கொலைகாரனை எங்கே ஒளித்து வைப்பது?

"நாவல்தான் நல்லாயிருந்தது, படம் சுமார்." மலையகத்தில் மர்ம நாவல் வாசிக்கிற யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் இதுதான் பதில். சுஜாதாவின் 'ப்ரியா'வை வாசித்துவிட்டு 1978இல் வந்த படத்தைப் பார்த்தவர்கள் இதையே கொஞ்சம் கோபமாகச் சொல்வார்கள். லண்டனில் நடக்கிற கதையைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனதுகூடப் பரவாயில்லை, வக்கீல் கணேஷைப் பாட்டுப் பாட விட்டதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் பாட்டையும் சண்டையையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு வித்தியாசம் மிஞ்சும். வாசிக்கும்போது மூளை செய்கிற வேலை வேறு, பார்க்கும்போது செய்கிற வேலை வேறு. ஆகவே ஒரே கொலைகாரனை நாவல் ஓரிடத்தில் ஒளிக்கிறது, படம் இன்னோரிடத்தில் ஒளிக்கிறது.

இதைக் காட்ட 'சைக்கோ'வை விட நல்ல உதாரணம் இல்லை. மிஷ்கின் 2020இல் எடுத்தது வேறு படம். நான் சொல்வது ராபர்ட் ப்ளொக் 1959இல் எழுதிய நாவலையும் அடுத்த வருடமே ஹிட்ச்கொக் எடுத்த படத்தையும். முடிவையும் சொல்லப் போகிறேன். அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, யாரும் கோபிக்க மாட்டீர்கள்.

நாவல் தொடங்கும்போது வெளியே மழை. சாலையோர விடுதி நடத்தும் நோர்மன் என்பவன் இன்கா மக்களைப் பற்றிய புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கிறான். அம்மா அறைக்குள் வந்து அவனைத் திட்டுகிறாள், அவன் பதில் சொல்கிறான். அந்த அம்மா செத்துப் பல வருடமாகிறது, அவள் உடலை வீட்டில் வைத்துக்கொண்டு அவளாகவே பேசுவதும் கொலை செய்வதும் நோர்மன்தான் என்பது கடைசியில்தான் தெரியும். இந்த ஏமாற்று வேலை எப்படிப் பலிக்கிறது? எழுத்து எதைச் சொல்கிறதோ அதை மட்டுமே தருகிறது. மிச்சத்தை மூளை தன்னிடம் இருக்கிற பழைய அனுபவங்களைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. "அம்மா சொன்னாள்" என்று வாசித்ததும் நாம் ஓர் அம்மாவைக் கற்பனையில் உட்கார வைத்துவிடுகிறோம். அவளுடைய நிழல் சுவரில் விழுந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

கமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அறையைக் காட்டினால் நாற்காலி தெரியும், நாற்காலியில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். அதனால் ஹிட்ச்கொக் அந்தத் தொடக்கத்தையே தூக்கிப்போட்டார். 40,000 டொலரைத் திருடிக்கொண்டு ஓடி, நோர்மனின் விடுதியில் வந்து தங்கும் பெண்ணிடமிருந்து படம் ஆரம்பிக்கிறது. அம்மா தூரத்துக் குரலாகவும் ஜன்னலில் தெரியும் உருவமாகவும் மட்டுமே வருகிறாள். அந்தக் குரலே ஓர் ஆணும் இரண்டு பெண்களும் பேசியதைக் கலந்து செய்தது. நோர்மன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கும்போது கமரா மெல்ல மேலேறிக் கூரைக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து பார்த்தால் முகம் தெரியாது. ஏன் இப்படி மேலே போகிறது என்ற சந்தேகம் வரக்கூடாதல்லவா, அதற்காக அந்த நேரம் பார்த்துத் தாயும் மகனும் வாக்குவாதம் செய்கிறார்கள். காது சண்டைக்குப் போனதும் கண் கேள்வி கேட்பதை விட்டுவிடுகிறது.

ஆளையும் மாற்றினார்கள். நாவலின் நோர்மன் நடுத்தர வயதுக்காரன், பருத்த உடம்பு, குடிப்பான். அவனுடைய மனசுக்குள் நம்மை உட்கார வைக்க எழுத்தால் முடியும் என்பதால் தோற்றம் எப்படியிருந்தாலும் கவலையில்லை. படத்தில் நாம் வெளியே நின்று பார்க்கிறோம். முகத்தைப் பார்த்ததுமே இரக்கம் வர வேண்டும் என்றால் படத்தில் நோர்மனாக நடித்த அந்தனி பெர்கின்ஸ் மாதிரி ஒல்லியான, கூச்சமுள்ள பையன் தேவைப்படுகிறான்.

அப்புறம் நேரத்தின் கணக்கு. வாசிக்கும் கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் சுமார் கால் நொடி நிற்கும், பிறகு தாவும். பத்துத் தாவலில் ஒன்றாவது பின்னோக்கிப் போய், வாசித்ததை மறுபடி பார்க்கும். சந்தேகம் வந்தால் மூன்று அத்தியாயம் பின்னால் போய்ச் சரிபார்க்கலாம். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கலாம். வேகம் வாசகர் கையில்.

படத்தில் அது இயக்குநர் கையில். டெக் வாடகைக்கு எடுத்து லயத்து வாசலில் படம் போட்ட காலத்தைக் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கதவுக்குப் பின்னால் கத்தி தெரிந்ததும் பாயில் கிடக்கும் பொடியன்களும் வாசற்படியில் உட்கார்ந்த பாட்டியும் ஒரே நொடியில் "ஐயோ" என்பார்கள். ஊரி ஹாசன் என்ற நரம்பியல் ஆய்வாளர் இதை மூளை ஸ்கேனில் அளந்து 2008இல் எழுதினார். ஹிட்ச்கொக் இயக்கிய தொலைக்காட்சிக் கதை ஒன்றைப் பார்த்தவர்களின் மூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளிப்படலத்தில், 65 வீதத்துக்கும் மேற்பட்ட பகுதி ஆளுக்கு ஆள் ஒரே மாதிரி ஏறி இறங்கியது. ஒரு பூங்காவில் கமராவைச் சும்மா ஓட விட்டு எடுத்த காட்சிக்கு 5 வீதம்கூட இல்லை. பலருடைய மூளையை ஒரே தாளத்துக்கு ஆட வைப்பது காட்சிகளை வெட்டி ஒட்டும் முறைதான்.

திகில் ஏற ஏறப் பார்வையும் குறுகுகிறது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் படத்துண்டுகளைத் திரையின் நடுவில் ஓடவிட்டு, ஓரங்களில் கட்டம் கட்டமான கோலம் ஒன்றை மினுக்கினார்கள். ஆபத்து நெருங்கும் காட்சிகளில் ஓரப் பார்வையைக் கவனிக்கும் மூளைப் பகுதியின் வேலை குறைந்தது. இரவில் நானுஓயாப் பக்கம் பனிமூட்டத்தில் போகும் பஸ் டிரைவருக்கு விளக்கு விழும் துண்டு ரோடு மட்டும் தெரிவது போலத்தான். அந்த நேரத்தில் திரையின் மூலையில் துப்புக் கிடந்தாலும் கண்ணில் படாது.

விடுதியில் தங்கிய அந்தப் பெண் குளியலறையில் கொலையாவதை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் அது இரண்டே சின்ன வாக்கியம், தலை போய்விடுகிறது, அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அந்தத் திடீர் நிறுத்தம்தான் அடி. படத்தில் அது முக்கால் நிமிடம் நீள்கிறது, அதற்குள் ஐம்பது தடவை அளவில் காட்சி வெட்டி மாறுகிறது. கத்தி உடம்பில் இறங்குவதை நாம் கிட்டத்தட்டப் பார்ப்பதே இல்லை. ஓங்கிய கை, திறந்த வாய், தண்ணீர். இடையில் விடுபட்டதை மூளையே இணைத்துக்கொள்கிறது. காட்சி மாறும் இந்த வெட்டுகளை எண்ணச் சொன்னால்கூடப் பலவற்றைத் தவறவிடுகிறோம் என்று சோதனைகள் காட்டுகின்றன. குத்தும் சத்தத்துக்குப் பழத்தைக் குத்தினார்கள். இசையமைப்பாளர் பேர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் இல்லாமல் அந்தக் காட்சி பாதிதான் என்பேன். ஹிட்ச்கொக் முதலில் இசையே வேண்டாம் என்று நினைத்தவர்.

சரி, முடிவு தெரிந்துவிட்டால் எல்லாம் போச்சா? லைப்ரரி நாவல்களில் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பெயருக்குப் பென்சிலால் கோடிட்டு "இவன்தான்" என்று எழுதி வைக்கும் புண்ணியவான்கள் எங்கும் உண்டு. 2011இல் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு ஒன்று, முடிவு தெரிந்து வாசித்தவர்கள் கதையைக் கூடுதலாகவே ரசித்தார்கள் என்றது. பிறகு வந்த ஆய்வுகள் சில அதற்கு நேர்மாறாகச் சொல்லின. எனக்கென்னவோ நாவலுக்கு முதல் ஆய்வு பொருந்தும் போலிருக்கிறது. முடிவு தெரிந்தபின் ப்ளொக்கின் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனால், அம்மா பேசும் ஒவ்வொரு வரியும் வேறு அர்த்தம் தருகிறது.

ஆனால் எதை முதலில் எடுப்பது என்று கேட்டால் நாவலைத்தான் சொல்வேன். வாசித்துவிட்டுப் படம் பார்த்தால், கமரா ஏன் கூரைக்கு ஏறுகிறது என்று பிடித்துவிடலாம். படத்தை முதலில் பார்த்தவர் நாவலை எடுத்தால், பருத்த நோர்மன் என்று ப்ளொக் எத்தனை முறை எழுதினாலும் கண்முன் வந்து நிற்பது பெர்கின்ஸ்தான்.