நுரையை ஏன் அழுத்தி வெட்டக் கூடாது?

"பழைய ஆற்றுக் கயாக் (ஒருவர் உள்ளே உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு) ஒன்று வாங்கினேன். உட்கார்ந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடுகிறது. சோபா ஸ்பாஞ்சை வெட்டிச் செருகினேன். ஒரே நாளில் ஊறிக் கனத்துப்போனது. என்ன செய்யலாம்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஸ்பாஞ்சுக்குள் இருக்கும் நுண்ணிய அறைகளுக்கு முழுச் சுவர் கிடையாது. ஓர் அறைக்குள் புகுந்த தண்ணீர் அடுத்த அறைக்கும் போய்விடும். கயாக்குக்கு வேண்டியது அறைகள் மூடிய பாலித்தீன் நுரை. ஒரு லிட்டர் நுரை ஏறக்குறைய 30 கிராம்தான். அதன் கன அளவில் பிளாஸ்டிக் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு. மற்றதெல்லாம் அடைபட்ட வாயு.

இடுப்பு ஏன் ஆடக் கூடாது? கிரீன்லாந்தின் இனுவிட் வேட்டைக்காரர்கள் ஆளின் உடம்பை அளந்தே கயாக் கட்டினார்கள். கவிழ்ந்தால் துடுப்பை நீரில் அழுத்தி, இடுப்பைச் சொடுக்கிப் படகை நிமிர்த்துவார்கள். தலை கடைசியில்தான் மேலே வரும். உடம்புக்கும் படகுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் சொடுக்கில் ஒரு பங்கு அங்கேயே வீணாகும். ஆலையில் வார்த்த படகு எல்லாருக்கும் ஒரே அளவு. அந்த இடைவெளியை அடைக்கத்தான் நுரை.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கத்தியை நுரைமேல் வைத்து அழுத்திப் பாருங்கள். வெட்டாது, அமுங்கும். அறைச் சுவர்கள் மெல்லியவை. விசை வந்ததும் வளைந்து மடங்கி, கத்திக்குப் பிடிகொடுக்காமல் நழுவுகின்றன. ஒரு சுவர் அறுபட வேண்டுமானால் அது இழுபட்டு விறைக்க வேண்டும். கத்தியை நீளவாக்கில் இழுக்கும்போது அதுதான் நடக்கிறது: விளிம்பு சுவரைப் பற்றிப் பக்கவாட்டில் இழுக்கிறது, சுவர் விறைக்கிறது, அறுகிறது. பல் வைத்த ரொட்டிக் கத்தியில் ஒவ்வொரு பல்லும் இதைச் செய்யும்.

இதை நம் அரிவாள்மனை எப்போதோ கண்டுகொண்டுவிட்டது. அலகு வளைந்திருப்பதால் கத்தரிக்காயை நேராகத் தள்ளினாலும் அது அலகோடு வழுக்கிக்கொண்டே போகும். அழுத்தத்தோடு இழுப்பும் சேர்ந்துவிடுகிறது. தக்காளி எப்படி அறுபடுகிறது என்று ஆராயப் பணம் கேட்டால் நம் ஊரில் சிரிப்பார்கள். மென்மையான திசுவை அறுக்கும் அறுவைசிகிச்சைக் கத்திக்குப் பின்னாலும் இதே இயற்பியல்தான் இருக்கிறது என்று சொன்னால் ஒருவேளை சிரிப்பு அடங்கலாம்.

அமுக்கிக்கொண்டே வெட்டுவதில் இன்னொரு வம்பும் உண்டு. அமுங்கிய நிலையில் நேராக விழுந்த வெட்டு, நுரை பழைய வடிவுக்குத் திரும்பியதும் கோணிக்கொள்ளும். இடுப்போரம் செருக நான் வெட்டிய முதல் நுரைத் துண்டு இப்படித்தான் வீணானது. ஆனால் இதே கோணலை வைத்துத் தொழிற்சாலைகள் பிழைக்கின்றன. நோயாளிகளுக்குப் போடும், முட்டை அட்டை போல மேடுபள்ளமான மெத்தையைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பாஞ்சுப் பலகையை முண்டுகள் கொண்ட இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுக்கி அனுப்பி, நடுவில் நேராக ஒரு வெட்டு. வெளியே வந்து விரிந்தால் இரண்டு மெத்தைகள். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளம்!

இதை வீட்டிலும் செய்யலாம். நுரைத் துண்டை ஒரு குடத்தின்மேல் வளைத்துக் கட்டுங்கள். புடைத்து நிற்கும் முதுகை உப்புத்தாளால் சமமாகத் தேய்த்துவிட்டு அவிழ்த்தால், இடுப்புக்கு ஏற்ற குழிவு தானாக வந்திருக்கும். முரட்டு உப்புத்தாளும் பொறுமையான கையும் போதும். வேகமாகச் சுழலும் இயந்திரம் வேண்டாம். பாலித்தீன் 110 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும், உரசும் சூட்டிலேயே மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழத்துவிடும்.

ஒட்டுவதற்குச் செருப்புக் கடையில் பயன்படுத்தும் ரப்பர் பசை. இரண்டு பரப்பிலும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும். பசையை இளக்கி வைத்திருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போன பின்தான் இரு பக்க ரப்பர் இழைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகும். தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யுங்கள், அந்த ஆவி நல்லதல்ல.

ஆனால் முதல் நாளே ஒட்டிவிடாதீர்கள். டேப் போட்டு நிறுத்தி, பக்கத்தில் ஆள் நிற்க, இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து பாருங்கள். தலைகீழாக இருக்கும்போது உடம்பு தடையில்லாமல் வெளியே வர வேண்டும். எங்கேனும் சிக்கினால், அந்த இடத்தில் இன்னும் அரை விரற்கடை தேயுங்கள்.