எட்டணா செல்லும், வாங்கத்தான் ஆள் இல்லை

கோத்தகிரிக்கு மேலே இருக்கும் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் உண்டியலைத் திருவிழா முடிந்த மறுநாள் திறந்து எண்ணுவோம். கணக்கு எழுதும் வேலை சில வருடங்களாக என் தலையில். நோட்டுகள் ஒரு பக்கம், பத்து, ஐந்து, இரண்டு, ஒரு ரூபாய் நாணயங்கள் ஒரு பக்கம் என்று பிரித்தபின் கடைசியில் ஒரு தகர டப்பா மிஞ்சும். கணக்கில் சேர்க்க யாருக்கும் மனம் வராத காசுகள் அதில் கிடக்கும். போன முறை அந்த டப்பாவைக் கொட்டி எண்ணினேன். ஐம்பது காசு 143, இருபத்தைந்து காசு 38, பத்துக் காசு ஏழு, அறுகோண வடிவ அலுமினிய இருபது காசு ஒன்று.

"எல்லாம் செல்லாக்காசு. அம்மன் காலடியிலேயே கிடக்கட்டும்" என்றார் பூசாரி. அவர் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. அந்தத் தவறான பாதியை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

இருபத்தைந்து காசும் அதற்குக் கீழுள்ள எல்லா நாணயங்களும் 30 ஜூன் 2011 முதல் செல்லாதவை. மத்திய அரசு அதற்கான அறிவிப்பை 2010 டிசம்பரிலேயே வெளியிட்டுவிட்டது. வங்கிக் கிளைகளில் கொடுத்து மாற்றிக்கொள்ள 29 ஜூன் 2011 வரை அவகாசம் இருந்தது. அதற்குப் பிறகு நாலணா என்பது வெறும் உலோகத் துண்டு. காண்டாமிருகம் பொறித்த அந்த எவர்சில்வர் நாணயம் கைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் எந்த வங்கியும் இன்று அதை வாங்காது, வாங்கவும் வேண்டியதில்லை.

ஐம்பது காசின் கதை வேறு. அதை யாரும் திரும்பப் பெறவில்லை. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி அது இன்றும் செல்லுபடியாகும் பணம். நாட்டில் புழக்கத்தில் உள்ள மிகச் சிறிய நாணயமும் அதுதான். அரை ரூபாய் என்பது எட்டணாவுக்குச் சரியாகப் பொருந்தியதால், 1957 ஏப்ரல் 1ஆம் தேதி அணாக் கணக்கு போய் நூறு காசுக் கணக்கு வந்தபிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தம்படியும் காலணாவும் பழமொழிக்குள் போய்விட்டன. எட்டணா இன்னும் சட்டைப்பைக்கும் பழமொழிக்கும் நடுவில் நிற்கிறது.

சட்டத்தில் ஒரு வரம்பு உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு ரூபாயும் அதற்கு மேலுமான நாணயங்களை ஒரே கொடுக்கல் வாங்கலில் 1,000 ரூபாய் வரை கொடுக்கலாம். ஐம்பது காசு நாணயங்களை 10 ரூபாய் வரைதான் கொடுக்கலாம், அதாவது இருபது நாணயங்கள். மளிகைக் கடையில் இருபது எட்டணாவை எண்ணி வைத்தால் சட்டம் உங்கள் பக்கம். இருபத்தொன்றாவதை வேண்டாம் என்று சொல்லக் கடைக்காரருக்கு உரிமை உண்டு.

ஆனால் சட்டம் நம் பக்கம் என்பதற்காக நாளை காலையில் யாரும் கடைக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம். வாங்க மறுக்கும் கடைக்காரருக்கு இவ்வளவு அபராதம், இத்தனை நாள் சிறை என்று நாணயச் சட்டத்தில் தனிப் பிரிவு எதுவும் கிடையாது. கைப்பேசியில் சுற்றிவரும் செய்திகளில் இருக்கும் ஏழாண்டுச் சிறை, நாணயத்தை உருக்குவது, அழிப்பது, முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு விற்பதற்காகக் குவித்து வைப்பது போன்ற குற்றங்களுக்கானது. எட்டணாவை வாங்காத பெட்டிக்கடை அண்ணாச்சிக்கு அது பொருந்தாது. அவர் மறுப்பதற்கும் காரணம் இருக்கிறது. அவரிடம் மொத்த வியாபாரி வாங்குவதில்லை, மொத்த வியாபாரியிடம் மேட்டுப்பாளையத்து மண்டிக்காரர் வாங்குவதில்லை. அவநம்பிக்கை மலையிறங்கிப் போய் மறுபடியும் மலையேறி வருகிறது.

பத்து ரூபாய் நாணயத்துக்கு நேர்ந்ததும் இதுதான். கேரளத்திலிருந்து ஊட்டிக்கு வருபவர்கள் சாதாரணமாக நீட்டும் நாணயத்தை நம் ஊரில் பல வருடம் புழுவைப் போலப் பார்த்தார்கள். ரூபாய்க் குறியீடு இல்லாதது போலி, கோடுகள் கூடினால் போலி என்று ஆளுக்கொரு ஆராய்ச்சி. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே பதினான்கு வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வெளியாகியிருக்கிறது, எல்லாமே செல்லும் என்று அறிவித்தது. அதற்குப் பிறகும் தயக்கம் உடனே தீர்ந்துவிடவில்லை.

சரி, யாருமே தொடாத எட்டணாவை ஏன் வைத்திருக்க வேண்டும், நாலணாவைப் போல எடுத்துவிடலாமே என்பது நியாயமான கேள்வி. மற்ற நாடுகள் எடுத்திருக்கின்றன. கனடா தன் ஒரு சென்ட் நாணய விநியோகத்தை 2013 பிப்ரவரியில் நிறுத்தியது. அமெரிக்கா 2025 நவம்பரில் கடைசிப் பென்னியை ஃபிலடெல்பியாவில் அச்சிட்டு முடித்தது. ஒரு சென்ட் மதிப்புள்ள காசை அடிக்க அங்கே மூன்றரை சென்ட்டுக்கு மேல் செலவானது. நம்மிடமும் கணக்கு அவ்வளவு நன்றாக இல்லை. ஒரு ரூபாய் நாணயத்தை அடிக்க 1 ரூபாய் 11 காசு ஆகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் 2018இல் செய்தியானது.

எட்டணாவை எடுக்கலாம் என்பதுதான் என் கருத்தும். ஆனால் நாணயத்தை எடுப்பது வேறு, காசுக் கணக்கை எடுப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பினால் முதலில் அடிபடுவது எங்கள் மலையின் சிறு தேயிலை விவசாயி.

பச்சைத் தேயிலைக்கான சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் ரூபாயும் காசுமாக அறிவிக்கிறது. ஒரு மாதம் கிலோ 18 ரூபாய் 40 காசு என்று வைத்துக்கொள்வோம். ஒரு விவசாயி அந்த மாதம் 287 கிலோ இலை போட்டிருக்கிறார். 5,280 ரூபாய் 80 காசு வருகிறது. கடைசியில் முழு ரூபாயாக்கினால் 5,281. இருபது காசு அவருக்கு லாபம், தொழிற்சாலைக்கு நட்டமும் பெரிதில்லை. இதையே "காசுதான் ஒழிந்துவிட்டதே, கிலோ 18 ரூபாய்" என்று தொடக்கத்திலேயே வெட்டினால் கிடைப்பது 5,166. நூற்றுப்பதினான்கு ரூபாய் எண்பது காசு போய்விட்டது. ஒரு மாதத்துக்கு, ஒரு விவசாயிக்கு.

ஆகவே முழு ரூபாயாக்குவது என்றால் பில்லின் அடியில் வரும் மொத்தத் தொகையைத்தான் முழுமையாக்க வேண்டும், கிலோ விலையை அல்ல. வங்கிகளுக்கு இந்த விதி ஏற்கெனவே இருக்கிறது. வட்டியானாலும் கட்டணமானாலும் ஐம்பது காசும் அதற்கு மேலும் வந்தால் அடுத்த ரூபாய், அதற்குக் கீழ் வந்தால் விட்டுவிடலாம். கூடவே ரிசர்வ் வங்கி ஒரு வார்த்தையும் சேர்த்திருக்கிறது: வாடிக்கையாளர் காசுடன் எழுதிய காசோலையை, காசு இருக்கிறது என்ற காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. ஜிஎஸ்டி வரியையும் இதே முறையில்தான் முழு ரூபாயாக்குகிறார்கள்.

கடைத்தெருவில் அப்படி ஒரு விதி கிடையாது. அங்கே நடக்கும் முழுமையாக்கம் எப்போதும் ஒரே திசையில்தான். 2019 ஆகஸ்ட் முதல் 2021 மே வரை ஆவின் நீலநிறப் பால் பாக்கெட் அரை லிட்டர் 21 ரூபாய் 50 காசு. எத்தனை வீடுகளில் அந்த எட்டணா திரும்பி வந்தது? 22 கொடுத்தோம், சில நாள் ஒரு மிட்டாய் வந்தது. நாளுக்கு ஒரு பாக்கெட் என்றால் வருடத்துக்கு 182 ரூபாய் 50 காசு. பாக்கெட் 20 ரூபாய் ஆனபோது விலை குறைந்ததோடு இந்தச் சில்லறைத் தொல்லையும் சேர்ந்தே போனது. (மிட்டாய் பணமல்ல. வேண்டாம், மீதிச் சில்லறையைக் கொடுங்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். சொல்லிவிட்டு வரிசையில் பின்னால் நிற்பவர் முகத்தைப் பார்க்கும் துணிவு இருந்தால் போதும்.)

இன்றும் எட்டணா விலையில் நிற்கும் ஒரு பொருள் நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. ரேஷனில் சர்க்கரை 2017 நவம்பரில் கிலோ 25 ரூபாயானது. அந்தியோதயா அட்டைதாரர்களுக்கு மட்டும் பழைய 13 ரூபாய் 50 காசு அப்படியே தொடர்ந்தது. நீலகிரியில் அந்த அட்டை வைத்திருப்பவர்களில் இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் பல. ஏழைக்கென்று கருணையோடு விட்டுவைத்த விலையில்தான், இல்லாத நாணயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு நாணய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. விலையை 13 ரூபாயாக்கிவிட்டால் முடிந்தது.

கைப்பேசியில் பணம் அனுப்புகிறவருக்கு இந்தக் கவலையே இல்லை. 68 ரூபாய் 50 காசு என்றால் அவர் அதைச் சரியாக அனுப்பிவிடுவார். ரொக்கம் கொடுப்பவர்தான் 69 கொடுக்க வேண்டியிருக்கிறது. கனடாவிலும் ரொக்கத்துக்கு மட்டும்தான் முழுமையாக்கம், அட்டைக்குக் கிடையாது. ஆனால் அங்கே மேலேயும் கீழேயும் போகும்படி விதியை எழுதி அறிவித்துவிட்டு நாணயத்தை எடுத்தார்கள். நாமோ எட்டணாவைச் சட்டத்தில் விட்டுவிட்டு நடைமுறையில் கொன்றுவிட்டோம். மாற்றிக்கொள்ளக் கெடுவும் இல்லை, முழுமையாக்க விதியும் இல்லை. நாலணாவுக்குக் கிடைத்த மரியாதைகூட எட்டணாவுக்குக் கிடைக்கவில்லை.

அரசு அறிவிப்பு வரும்வரை கையிலிருப்பதை என்ன செய்யலாம்? வங்கியில் கட்டலாம். முன்பு சொன்ன பத்து ரூபாய் வரம்பு கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலானது. வங்கிக் கணக்கில் நாணயமாகச் செலுத்த உச்சவரம்பு எதையும் ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை. ஐம்பது காசு உட்பட எல்லா நாணயங்களையும் எல்லாக் கிளைகளும் வாங்க வேண்டும் என்றே அது சொல்லிவருகிறது. வகை பிரித்து, நூறு நூறாக பாலிதீன் பையில் போட்டுக் கொண்டுபோனால் காசாளருக்கும் எளிது. மறுத்தால் கிளை மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமில்லாமல் எழுதலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

பழைய நாலணாவை லட்சங்களுக்கு வாங்கிக்கொள்வதாக இணையத்தில் வரும் விளம்பரங்களை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது.

எங்கள் உண்டியல் காசுக்கு வருகிறேன். முதல் நாள் போன வங்கிக் கிளையில் "இதெல்லாம் யார் சார் எண்ணுவது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் புகார்க் கடிதத்தை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போனேன். கடிதத்தைக் கொடுக்கும் அவசியம் ஏற்படவில்லை. காசாளர் எண்ணத் தொடங்கினார். எண்ணி முடித்து, "143 இருக்கிறது, 71 ரூபாய் 50 காசு. முழு ரூபாயாகக் கட்டினால் நல்லது. இன்னொரு ஐம்பது காசு இருக்கிறதா?" என்றார்.

எதிரே இருந்த டீக்கடைக்கு ஓடினேன். ஒரு எட்டணா கிடைக்குமா, பதிலுக்கு ஒரு ரூபாய் தருகிறேன் என்றேன். கடைக்காரர் கல்லாவின் அடிப்பெட்டியை இழுத்துக் காட்டினார். அரைப்பெட்டி எட்டணா.

"ஒரு பிடி அள்ளிக்கொள்ளுங்கள் அண்ணா" என்றார். "காசு வேண்டாம்."