"பணம் வரலைங்க" என்றால் எந்தப் பணம்?

"மேலேயிருந்து பணம் வரலைங்க" என்று தலைமை ஆசிரியர் சொன்னால் நாம் பெரும்பாலும் தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். என் மகள் படிக்கிற அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினரான பிறகுதான் தெரிந்தது, ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நாலைந்து வழியாகப் பணம் வருகிறது, ஒன்று அடைபட்டால் மற்றவை நிற்பதில்லை, ஆனால் எது நின்றாலும் பெற்றோருக்குச் சொல்லப்படும் காரணம் மட்டும் ஒன்றேதான் என்று. அதனால் "எந்தப் பணம் வரலை?" என்று திருப்பிக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை வைத்து, அந்த வழிகளில் முக்கியமான இரண்டை எழுதிவைக்கிறேன்.

முதல் வழி மாநில அரசின் சொந்த பட்ஜெட். பள்ளிக் கல்வித்துறைக்கு 2024-25இல் ஒதுக்கியது 44,042 கோடி ரூபாய், அடுத்த ஆண்டு 46,767 கோடி. இதில் பெரும்பகுதி சம்பளம். நிரந்தர ஆசிரியர்களில் பெரும்பாலோருக்குக் கருவூலம் வழியாக மாதாமாதம் போய்விடும், அதில் டெல்லிக்கு வேலை இல்லை. சைக்கிள், காலை உணவு, பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் கட்டுகிற வகுப்பறைகள் எல்லாம் மாநிலப் பணம். மதிய உணவில் ஒன்றிய அரசின் பங்கும் உண்டு, ஆனால் அது வேறு கணக்கு. ஆகவே "மத்திய அரசு நிதி தரல, அதனாலதான் வகுப்பறை கட்டல" என்று யாராவது சொன்னால், எந்தத் திட்டத்தில் அனுமதியான வகுப்பறை என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். பாதி நேரம் பதில் வராது.

இரண்டாவது வழிதான் சண்டை நடக்கிற வழி. சமக்ர சிக்ஷா, நம் ஊரில் அலுவலகப் பெயர் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி. 2001இல் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கம், 2009இல் வந்த இடைநிலைக் கல்வி இயக்கம், ஆசிரியர் கல்வித் திட்டம் மூன்றையும் 2018இல் ஒன்றாகக் கட்டியது இது. ஆசிரியர்கள் இன்னமும் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் பழைய ஆங்கிலச் சுருக்கமான "எஸ்எஸ்ஏ" என்றுதான் சொல்வார்கள், நீங்களும் அப்படியே கேட்கலாம், புரியும். செலவில் 60 பங்கு ஒன்றிய அரசு, 40 பங்கு மாநிலம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90க்கு 10. ஒவ்வொரு ஆண்டும் மாநிலம் ஒரு திட்ட வரைவு தயாரித்து டெல்லிக்கு அனுப்பும், அங்கே கல்வி அமைச்சகத்தின் திட்ட ஒப்புதல் வாரியம் உட்கார்ந்து இதற்கு இவ்வளவு, அதற்கு இவ்வளவு என்று முடிவு செய்யும், அப்புறம் தவணை தவணையாகப் பணம் வரும். "ஒப்புதல் கிடைச்சிருச்சு" என்பதும் "பணம் வந்துருச்சு" என்பதும் ஒன்றல்ல என்பதை இந்த இடத்திலேயே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது நடந்த தகராறு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இந்தப் பணம் எதற்கெல்லாம் போகிறது? பள்ளிக்கு நேராகக் கைக்கு வருவது பள்ளி மானியம். மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: முப்பது பேர் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய், நூறு வரை 25,000, இருநூற்று ஐம்பது வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்காவது சுத்தம், கழிப்பறை விஷயத்துக்குச் செலவிட வேண்டும். சாக்பீஸ், மின்விளக்கு, கழிப்பறைக்கு பினாயில், உடைந்த குழாய், மின்கட்டணம், எல்லாம் இதற்குள்தான். இருபத்தைந்து குழந்தைகள் படிக்கிற ஒரு தொடக்கப் பள்ளி 10,000 ரூபாயில் ஒரு வருஷம் ஓட்ட வேண்டும், மாதத்துக்கு 833 ரூபாய், வீட்டில் நாம் இணையத்துக்குக் கட்டுகிற பில்லைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். அதுவும் வராமல் போனால் தலைமை ஆசிரியர் சொந்தக் காசைப் போடுவார், போட்டுவிட்டு யாரிடமும் சொல்லவும் மாட்டார்.

பள்ளி மானியத்தைத் தவிர, விளையாட்டுப் பொருளுக்கும் நூலகத்துக்கும் தனித்தனி மானியம். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை மருத்துவர், வீட்டிலேயே இருக்கும் குழந்தைக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பவர். வட்டார வள மையங்களும் அங்கே இருக்கும் ஆசிரியர் பயிற்றுநர்களும். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் என்று வாரத்தில் சில அரை நாட்கள் வரும் பகுதிநேர ஆசிரியர்கள். பெண் குழந்தைகளுக்கான கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகள். பேருந்து போகாத மலைக் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளை அழைத்துவரும் வண்டிக் கூலி. தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் படிக்கும் குழந்தைகளுக்கான கட்டணம்.

2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புதலான தொகை 3,586 கோடி. அதில் ஒன்றிய அரசின் பங்கு சுமார் 2,152 கோடி. அது வரவில்லை. 44,042 கோடி எங்கே, 2,152 கோடி எங்கே, ஐந்து சதவீதம்கூட இல்லையே, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கிறவர்கள் உண்டு. கணக்கு சரிதான், ஆனால் மேலே சொன்ன பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். பெரிய தொகை சம்பளத்தில் இறுகிக் கிடக்கிறது. மலையிலிருந்து வரும் பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை, விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, இவர்களுக்கான செலவெல்லாம் அந்த ஐந்து சதவீதத்துக்குள் இருக்கிறது. நின்றால் முதலில் அடிபடுவது ஏற்கெனவே அடிபட்டவர்கள்தான். 2024 செப்டம்பர் வாக்கில் இந்தத் திட்டத்து ஊழியர்களுக்குச் சம்பளம் தள்ளிப்போனதும் அதனால்தான். பிறகு மாநிலம் தன் கையிலிருந்து போட்டு ஓட்டியது.

ஏன் நின்றது? 2022 செப்டம்பரில் ஒன்றிய அரசு பிஎம் ஸ்ரீ என்று இன்னொரு திட்டம் கொண்டுவந்தது. நாடு முழுக்க 14,500 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து மாதிரிப் பள்ளிகளாக மாற்றுவது, ஐந்தாண்டுக்கு 27,360 கோடி, ஒரு வட்டாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு பள்ளிகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சேர வேண்டுமானால் மாநிலம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், அந்த ஒப்பந்தத்தில் தேசிய கல்விக் கொள்கை 2020ஐ முழுமையாக நடைமுறைப்படுத்துவோம் என்று இருக்கிறது. அந்தக் கொள்கையில் மும்மொழி இருக்கிறது. "எந்த மொழியும் எந்த மாநிலத்தின் மீதும் திணிக்கப்படாது" என்று அதே பத்தியில் எழுதியும் இருக்கிறது, ஆனால் மூன்று மொழி படிக்க வேண்டும் என்பது மாறவில்லை. 1968 முதல் இருமொழியில் இருக்கிற தமிழ்நாடு கையெழுத்துப் போடாது என்பது கணிக்க முடியாத விஷயம் ஒன்றுமில்லை.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர், ஒப்பந்தத்தில் சேர ஆர்வமாக இருக்கிறோம், குழு அமைக்கிறோம், அதன் பரிந்துரைப்படி கையெழுத்திடுவோம் என்ற பொருளில் டெல்லிக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஒன்றிய அரசு அந்தக் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. குழு பரிந்துரைத்தால்தான் என்று அதில் இருக்கிறதே என்பது மாநிலத்தின் பதில். அந்தக் கடிதம் எழுதாமலே இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனாலும் கேள்வி அதுவல்ல. பிஎம் ஸ்ரீ வேறு, சமக்ர சிக்ஷா வேறு. வட்டாரத்துக்கு இரண்டு பள்ளிக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று அந்த வட்டாரத்தின் எல்லாப் பள்ளிக்குமான பணத்தை நிறுத்துவது எந்த ஊர் நியாயம்? நாடாளுமன்றத்தின் கல்வி நிலைக்குழுவே 2025 மார்ச்சில் இது சரியல்ல என்று சொன்னது. மாநிலம் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது, வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டு. ஒரு மாநிலம் ஒன்றிய அரசின் மீது நேராக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட அரசியலமைப்பில் 131ஆம் பிரிவு இருக்கிறது, அதன்படி. அவசர வழக்காக எடுக்க வேண்டிய தேவையில்லை என்று ஜூனில் கோடை அமர்வு சொல்லிவிட்டது. மேற்கு வங்கமும் கேரளமும் இதே வரிசையில் நின்றன. கேரளம் 2025 அக்டோபரில் கையெழுத்துப் போட்டது, கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைப்பதாக அறிவித்தது.

டெல்லிக்கு இந்தப் பிடி எப்படி வந்தது என்றும் கேட்கலாம். கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் அதை, ஒன்றியமும் மாநிலமும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதோடு, நாம் கட்டும் வருமான வரிக்கு மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் என்று ஒன்று பிடிக்கிறார்களே, செஸ் என்ற பெயரில் வசூலாகும் எதையும், ஒன்றிய வரியை மாநிலங்களோடு பிரித்துக்கொள்ளும் நிதிக்குழுப் பகிர்வில் பங்கு வைக்க வேண்டியதில்லை. கல்விக்கென்று நாம் கட்டியது, டெல்லி மனம் வைத்தால்தான் திட்டமாகத் திரும்பி வரும்.

25 சதவீத ஒதுக்கீடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பெற்றோருக்கு நேரடியான பாதிப்பு. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 12ஆம் பிரிவுப்படி சிறுபான்மையினர் நடத்துபவை தவிர்த்த தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நாலில் ஓர் இடத்தை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும், கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். பணம் நின்றதால் 2025இல் வழக்கமான ஏப்ரல், மே மாதங்களில் இந்தச் சேர்க்கை தொடங்கவே இல்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூன் மாதத் தீர்ப்பில் இரண்டு விஷயங்கள்: இந்த ஒதுக்கீட்டுக்கான பணத்தைத் தேசிய கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்று ஒன்றிய அரசுக்கு, டெல்லியிலிருந்து வரவில்லை என்று காரணம் சொல்லி நீ உன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று மாநில அரசுக்கு. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பாடம். அப்புறம் ஒன்றிய அரசு ஒரு பகுதியை விடுவித்தது, அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது, அதற்குள் காலாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது.

இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்த குழந்தையின் பெற்றோரிடம் "அரசு பணம் தரல, நீங்க கட்டுங்க, அப்புறம் திருப்பித் தர்றோம்" என்று ஒரு பள்ளி கேட்டால், கட்ட வேண்டியதில்லை. பணம் வரவேண்டிய பாக்கி பள்ளிக்கும் அரசுக்கும் இடையில் உள்ளது. கேட்டதை எழுத்தில் வாங்கிக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள். எழுத்தில் தரச் சொன்னதுமே பேச்சு மாறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உள்ளூருக்கு என்ன அதிகாரம்? காகிதத்தில் நிறைய. அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் பஞ்சாயத்துகளுக்குத் தரலாம் என்ற பட்டியலில் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளும் இருக்கின்றன. பலகையில் "ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி" என்றும் எழுதியிருக்கும். ஆனால் ஆசிரியரை ஊராட்சி நியமிக்காது, பாடத்திட்டத்தில் அதற்குச் சொல் கிடையாது, கட்டடத்தைப் பராமரிக்கும் பொறுப்பு மட்டும் உண்டு. டெல்லி தன் அதிகாரத்தைப் பறிக்கிறது என்று சொல்லும் மாநிலம், தன் கீழே இருக்கிற ஊராட்சிக்கு எவ்வளவு தந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

மிச்சமிருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. உறுப்பினரில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், தலைவர் பெற்றோர்களில் ஒருவர். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் இந்தக் குழுவின் சட்டப்படியான வேலை. நடைமுறையில்? எங்கள் குழுவில் முதல் கூட்டத்துக்குப் போனபோது தீர்மான நோட்டில் ஏற்கெனவே தீர்மானம் எழுதியிருந்தது, கீழே கையெழுத்துக்கு இடம் மட்டும் விட்டிருந்தார்கள். பெண்கள் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள், நானும் போட்டேன். மூன்றாவது கூட்டத்தில்தான் ஓர் அம்மா, "என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டுங்க சார்" என்று கேட்டார். அன்றிலிருந்து வாசிக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் நீங்களும் கேட்கலாம். இந்த ஆண்டு பள்ளி மானியம் எவ்வளவு ஒப்புதல், எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில், என்னென்ன செலவு, ரொக்கப் பதிவேட்டைக் காட்டுங்கள். சிறப்புப் பயிற்றுநர் கடைசியாக எப்போது வந்தார். வரவில்லை என்றால், அதைத் தீர்மானமாகவே எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அதே தீர்மானத்தைக் கிராம சபையில் வைத்துவிட்டால் ஊராட்சிப் பதிவிலும் ஏறிவிடும். குழுவில் இல்லாதவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்: வெள்ளைத் தாளில் மனு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, முதன்மைக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி, முப்பது நாளில் பதில். பள்ளியின் பெயரோடு அதன் யுடைஸ் எண்ணையும் (ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள அரசு அடையாள எண்) மனுவில் எழுதுங்கள், தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே சுவரில் பெரும்பாலும் எழுதியிருக்கும்.