வீட்டிலேயே கியர் பாக்ஸ் இறக்கப் போகிறீர்களா? முதலில் தரையைப் பாருங்கள்

போன மாசி மாதம் உச்சிப்புளிக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்திலிருந்து போன் வந்தது. "அண்ணே, கியர் பெட்டி போல்ட் எல்லாம் வந்துருச்சு, மேல ஒண்ணு மட்டும் அசைய மாட்டேங்குது. என்ன ஸ்ப்ரே அடிக்கலாம்?" கேட்டவர் சவுதியிலிருந்து லீவில் வந்திருந்தார். மதுரையில் பழைய கியர் பாக்ஸ் ஒன்றை வாங்கி வந்து, மச்சானைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். அந்தப் பக்கம் எனக்கு வேறு வேலை இருந்ததால் நேரிலேயே போனேன்.

கார் தென்னை நிழலில் நின்றது. முன்னால் இடது பக்கம் ஒரு பாட்டில் ஜாக்கி, வலது பக்கம் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ஹாலோ பிளாக். ஜாக்கியின் அடித்தட்டு மணலுக்குள் மூன்று விரற்கடை இறங்கி, லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. கீழ்க் கல்லில் மேலிருந்து அடிவரைக்கும் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். மச்சான் அடியில் மல்லாந்து படுத்து, ஸ்பேனர் முனையில் இரும்புக் குழாயைச் சொருகி இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் கார் ஆடியது. கல்லிலிருந்து சிமெண்ட் தூள் அவர் சட்டை மேல் உதிர்ந்தது.

"தம்பி, ஸ்பேனரை அப்படியே விட்டுட்டு மெதுவா வெளிய வாங்க." அவர் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ராமநாதபுரத்தில் 22 வருஷமாகக் கார் வேலை பார்க்கிறேன். வீட்டில் கியர் பாக்ஸ் மாற்றவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பொறுமையும் நல்ல ஸ்பேனர் செட்டும் துணைக்கு ஓர் ஆளும் இருந்தால் முடியக்கூடிய வேலைதான். ஆனால் மற்ற ஊர்க்காரர்கள் எடுத்துப்போடும் வீடியோவைப் பார்த்து நம் கரையில் செய்யும்போது இரண்டு விஷயம் மாறிவிடுகிறது: ஒன்று உப்பு, இன்னொன்று மணல். உப்பு போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும், அதனால் நாம் பலமாக இழுக்கிறோம். இழுக்கும்போது கார் ஆடும், மணல் ஜாக்கியை விட்டுக்கொடுக்கும். அடியில் இருப்பது நம் நெஞ்சு. சின்னக் காரிலேயே முன்பாகத்தின் எடை மட்டும் 500 கிலோ அளவுக்கு வரும்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கியர் பாக்ஸ் கூடு அலுமினியம், அதைப் பிடித்திருக்கும் போல்ட் இரும்பு. இரண்டுக்கும் நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அந்த இடமே ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும். அலுமினியம் அரித்து, வெள்ளை மாவு மாதிரி போல்ட்டைச் சுற்றி இறுகும். போல்ட் தலையில் துரு அதிகம் தெரியாது, ஆனால் உள்ளே உடும்புப் பிடி. இரண்டு கூட்டையும் நேராக நிறுத்தும் டவல் பின்னும் இதே மாதிரி பிடித்துக்கொள்ளும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு விடாமல் பெயிண்ட் அடித்துப் பராமரித்தார்கள். அதிலேயே அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. தனுஷ்கோடிக்கு வாரம் ஒருமுறை போய்வரும் காரின் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் இங்கே வேலை முந்தின நாளே தொடங்க வேண்டும். ஒயர் பிரஷ்ஷால் ஒவ்வொரு போல்ட்டையும் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் இன்னொரு தடவை அடியுங்கள். கழற்றும்போது முதலில் இறுக்கும் பக்கம் ஒரு பொட்டு அசைத்துப் பார்த்து, பிறகு திருப்புங்கள். குழாய் சொருகித்தான் வரும் என்றால் அந்த போல்ட்டைக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கழற்றக் கூடாது. மேலிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டு முயலுங்கள். இல்லையென்றால் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் நட், வீல் நட் மாதிரி பெரிய இழுவை கேட்பதையெல்லாம் டயர் நான்கும் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, தளர்த்திவிட வேண்டும்.

இனி தரை. மணலில் ஜாக்கி போட வேண்டாம். மழை பெய்து இறுகிய மணல் உறுதியாகத்தான் தெரியும், ஆனால் ஒரு ஜாக்கி அடித்தட்டின் அளவில் அத்தனை எடையும் இறங்கும்போது அது தாங்காது. வீட்டில் சிமெண்ட் தளம் இல்லையென்றால் பக்கத்தில் கேளுங்கள். கருவாடு காயப்போடும் சிமெண்ட் களம் ஒரு நாளைக்குக் கிடைத்தால்கூடப் போதும். காருக்குள் வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். தூக்குவதற்குத்தான் ஜாக்கி, தாங்குவதற்கு ஜாக் ஸ்டாண்ட் என்கிற இரும்புத் தாங்கி. ஸ்டாண்ட் இரண்டு கட்டாயம் வேண்டும். ஹாலோ பிளாக், செங்கல், பனங்கட்டை எதுவும் ஸ்டாண்டுக்கு ஈடாகாது. ஹாலோ பிளாக் சுவருக்குள் நிற்கும்போது காட்டும் பலத்தைத் தனியாக நிற்கும்போது காட்டாது. உடையும்போது சத்தம் கொடுத்து எச்சரிக்கவும் செய்யாது.

ஸ்டாண்ட் வைக்கும் இடத்தையும் நம்பிவிடாதீர்கள். கதவுக்குக் கீழே உள்ள ரன்னிங் போர்டு மடிப்பை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பெயிண்ட் உப்பி, குத்தினால் உள்ளே போகிறதென்றால் அந்தக் காரை வீட்டில் தூக்க வேண்டாம். நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு கடற்கரை ஊர்க் காருக்கு அடியில் படுத்திருந்தபோது அந்த மடிப்பு நசுங்கி ஜாக்கி உள்ளே புகுந்துவிட்டது. கார் இறங்கிய சத்தம்தான் கேட்டது, நகர நேரமில்லை. கழற்றிய சக்கரத்தை எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் ரன்னிங் போர்டுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார். கார் அதன் மேல் உட்கார்ந்தது. என் முகத்துக்கும் அடியில் குறுக்கே ஓடும் கிராஸ் மெம்பருக்கும் நடுவில் ஒரு கை விரிக்கும் இடம் இருந்தது. அன்றிலிருந்து கழற்றிய சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

இன்னொரு விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. கியரில் போட்டிருக்கிறேன், வண்டி உருளாது என்பார்கள். முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பிய நிமிஷமே கியரின் பிடி போய்விடும். பெட்டியிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டை உருவினால் தொடர்பே அறுந்துவிடும். மிச்சம் இருப்பது பின் சக்கரத்து ஹேண்ட் பிரேக் மட்டும். அதன் கேபிளும் நம் ஊர் உப்பில் கிடந்ததுதானே. பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். எல்லாம் வைத்து முடித்ததும் உள்ளே போகும் முன் நின்றபடியே காரைத் தோளால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள்.

வேலையில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆயில் இறக்கும் முன் ஊற்றுகிற பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். அது துருவேறி வராமல் போனால் ஆயில் இல்லாத பெட்டியோடு நிற்க வேண்டியிருக்கும். இன்ஜினையும் பெட்டியையும் காரோடு பிடித்திருக்கும் மவுண்டிங்கைக் கழற்றும் முன் இன்ஜினைத் தாங்க ஆயில் பேனுக்கு அடியில் அகலப் பலகை வைத்து ஜாக்கி கொடுங்கள். படகில் கழித்துப்போட்ட கயிற்றால் இன்ஜினைக் கட்டித் தொங்கவிட வேண்டாம். வெயிலிலும் உப்பிலும் கிடந்த நைலான் கயிறு பார்க்கத் தடியாக இருக்கும். முறுக்கைப் பிரித்துப் பார்த்தால் நார் பொடிப்பொடியாக உதிரும்.

பெட்டி சின்னக் காரிலேயே 30 கிலோவுக்கு மேல் இருக்கும். நெஞ்சில் வாங்கி இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்கும் ஒரு ஜாக்கி வேண்டும். இன்ஜினை விட்டு நேராக விலக்கி இழுங்கள், பாதி வந்த நிலையில் அதன் எடை கிளட்ச்சுக்குள் நுழைந்திருக்கும் இன்புட் ஷாஃப்டில் தொங்கினால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். மாட்டும்போதும் அதே கவனம் வேண்டும். பெட்டி கையோடு போய் இன்ஜினில் ஒட்டி உட்கார வேண்டும். இடைவெளி இருக்கும்போதே போல்ட்டை முறுக்கி இழுத்தால் கூட்டின் காது உடையும்.

சரி, அந்த உச்சிப்புளிக் காருக்கு வருவோம். இறக்கி, நாலு பேர் சேர்ந்து பக்கத்து வீட்டுச் சிமெண்ட் வாசலுக்குத் தள்ளிப்போனோம். என்ன கோளாறு என்று அப்போதுதான் கேட்டேன். "நியூட்ரல்ல கொரகொரன்னு சத்தம்ணே, கிளட்ச் மிதிச்சா நின்னுடும்" என்றார். அப்படியென்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங், பெட்டி இறங்கத்தான் வேண்டும். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், அதற்குப் புதுப் பெட்டி தேவையில்லை. கியர் விழ முரண்டு பிடித்தால் முதலில் கியர் கேபிளையும் புஷ்ஷையும் பாருங்கள். இந்தக் கரையில் கேபிள் உள்ளுக்குள்ளேயே துருவேறி இறுகிப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கடைசி போல்ட் மறுநாள் காலையில், மேலிருந்து, குழாய் இல்லாமலேயே வந்தது. மதுரையில் வாங்கிய பெட்டியை ஏற்றி, கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை ஊற்றினோம். பழைய போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, துரு பிடிக்காமலிருக்கத் தடவும் பசையை மரையில் லேசாகத் தடவச் சொன்னேன். மச்சான் ஒவ்வொன்றாக வாங்கி, துணியில் துடைத்து, தடவித் தடவி எனக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.