பிரேக் கட்டை: சொல்லும் சத்தமும்

பிரேக் கட்டை என்பது, சுழலும் சக்கரத்தையோ அதோடு சேர்ந்து சுழலும் தட்டையோ அழுத்திப் பிடித்து, உராய்வால் வேகத்தைக் குறைக்கும் துண்டு. கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்தில் சைக்கிள் கடை முதல் லாரிப் பட்டறை வரை இதற்கு இந்த ஒரு பேர் போதும். சைக்கிள் ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் துண்டும் கட்டை, காரின் முன்சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்வும் பேடும் கட்டை, பின்சக்கர ட்ரம்முக்குள் விரிந்து அமுக்கும் பிறை வடிவச் சூவும் கட்டை. உதிரிபாகக் கடையில் மட்டும் "பேடுங்களா, சூவுங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

இன்றைய கட்டையில் மரம் கிடையாது. இரும்புத் தகட்டின் மேல் ஒட்டிய உராய்வுப் பொருள்தான். ஆனால் தொடக்கத்தில் நிஜமாகவே மரம்தான். குதிரை வண்டியிலும் பழைய ரயில் பெட்டியிலும் நெம்புகோலால் மரக்கட்டையைச் சக்கரத்தின் விளிம்பில் அழுத்தி நிறுத்தினார்கள். பொருள் மாறியும் பேர் நம்மிடம் தங்கிவிட்டது.

நம்மிடம் இதற்கு இன்னும் பழைய உறவு ஒன்று உண்டு: தேரின் முட்டுக்கட்டை. அவிநாசித் தேரையோ கோவை கோனியம்மன் தேரையோ கூட்டத்தில் நின்று பார்க்கும்போது கண் மேலே கலசத்துக்குத்தான் போகும். கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடியே நடப்பவர்களைக் கவனியுங்கள். ஆப்பு வடிவக் கட்டையைச் சரியான நொடியில் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, தேரை மெதுவாக்குவதும் நிறுத்துவதும் மூலை திருப்புவதும் அவர்கள் வேலை. கை ஒரு சாண் தவறினால் போச்சு. இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்ட திருவாரூர் ஆழித்தேரிலும் முட்டுக்கட்டைக்கு ஓய்வு இல்லை. தேரையே பார்க்காதவர்கள்கூட "நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே" என்கிறார்கள். கருவியின் பேர் அரசியல் செய்திக்குப் போய்விட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

'பிரேக்' என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பு பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் உண்டு. ஆளிச்செடியின் தண்டை நசுக்கி நார் பிரிக்கும் கருவிக்கு இருந்த பழைய டச்சுப் பேரோடு இணைப்பது ஒன்று. அது 'உடைத்தல்' என்ற வினைக்கு உறவுக்காரச் சொல். இடைக்கால ஆங்கிலத்தில் குதிரையை அடக்கும் கடிவாளத்துக்கும் இந்தப் பேர் இருந்திருக்கிறது. 'சூ' என்பதோ, இறக்கத்தில் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் செருப்பு மாட்டியதுபோல் வைத்த இரும்புத் துண்டிலிருந்து வந்தது. அதுவும் முட்டுக்கட்டைக்குச் சொந்தம்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தடை, நிறுத்தி, தடுப்பி என்று பல சொற்கள் புழக்கத்துக்குத் தரப்பட்டிருக்கின்றன. 'வேகத்தடை' சாலைப் பலகையில் ஏறி ஊன்றிவிட்டதால் 'தடை' என்றால் எல்லாருக்கும் புரியும். என் வாக்கு 'தடைக்கட்டை'க்கு. பாதிச் சொல் ஏற்கெனவே பட்டறையில் இருக்கிறது, மீதிப் பாதியை மாற்றினால் போதும். டிஸ்க்கை வட்டு என்றும், கட்டைகளை அதன்மேல் அழுத்தும் கேலிப்பரைக் கவ்வி என்றும் சொல்லலாம். மெக்கானிக்கிடம் 'கவ்வி' என்றால் முழிப்பார் என்பது வேறு விஷயம். எழுத்தில் பழகப் பழகத்தான் வரும்.

ஒரு துறையில் நமக்குக் கலைச்சொல்லே தேவையில்லை: சத்தம். இரட்டைக்கிளவி அந்த வேலையைச் செய்துவிடும். "கீச்சு கீச்சுங்குது" என்பதும் "கறகறங்குது" என்பதும் இரண்டு வேறு நோய்கள்; மெக்கானிக் வண்டியைத் தொடும் முன்பே பாதி தெரிந்துகொள்வார்.

காலையில் வண்டி எடுத்ததும் கேட்டு, நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் அடங்கும் கீச்சு பெரும்பாலும் பனியிலோ மழையிலோ வட்டில் படிந்த மெல்லிய துரு. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். நாள் முழுக்க, ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் கீச்சிட்டால் கட்டையின் தடிமனைப் பார்க்க வேண்டும். பல கட்டைகளில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். உராய்வுப் பொருள் ஏறக்குறைய 2, 3 மில்லிமீட்டருக்குத் தேயும்போது அது வட்டில் உரசிக் கத்தும். கத்துவதற்கென்றே செய்தது அது. அதையும் தாண்டி ஓட்டினால்தான் கறகற: கட்டையின் இரும்புத் தகடே வட்டை அறுக்கிறது. "இன்னுங் கொஞ்ச நாள் உட்டா டிஸ்க்கைத் தின்னுபோடுமுங்க" என்று பட்டறையில் சொல்வது மிகையில்லை. கறகற கேட்டபின் வண்டியை ஓட்டாதீர்கள்.

கட்டை தடிமனாக இருந்தும் கீச்சிட்டால் காரணம் அதிர்வு. கட்டைக்கும் கவ்விக்கும் இடையில் உள்ள மெல்லிய தகடு கழன்றிருக்கலாம், கவ்வி நகரும் ஊசி காய்ந்திருக்கலாம், கட்டையின் முகத்தில் பளபளப்பு ஏறியிருக்கலாம். மண் ரோட்டில் ஓடும் வண்டி என்றால் வட்டுக்கும் பின்னால் உள்ள தகரத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கல் மாட்டியிருக்கும். பிரேக் மிதிக்காமலே சத்தம் வந்தால் முதலில் இதைத்தான் தேட வேண்டும்.

வீட்டில் பார்ப்பதற்குச் சமதளம் வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். அதுவும் முட்டுக்கட்டைதான். நட்டைத் தரையிலேயே லேசாகத் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி. வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி விடாமல் ஸ்டாண்ட் கொடுங்கள். சக்கரத்தைக் கழற்றினால் கவ்வியின் சன்னல் வழியாக இரண்டு கட்டையும் தெரியும். உள்பக்கக் கட்டை சில வண்டிகளில் முன்னதாகத் தேயும், அதனால் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். தூசியை வாயால் ஊதவே கூடாது. பழைய கட்டையில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். முகமூடி போட்டுக்கொண்டு பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். பளபளப்பு ஏறியிருந்தால் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. வெப்பம் தாங்கும் சிலிக்கான் கிரீஸ் ஊசிக்கும் கட்டையின் முதுகுக்கும் மட்டும்தான், அதுவும் மெல்லிய பூச்சாக. கட்டையின் முகத்திலோ வட்டிலோ ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் சத்தம் நின்றுவிடும், கூடவே பிரேக்கும் நின்றுவிடும். கட்டை மாற்றுவதானால் இடது வலது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை வேறு கணக்கு. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ நியூட்ரலில் உருட்டிக்கொண்டு பிரேக்கையே பிடித்தபடி இறங்கினால், கீழே வரும்போது கருகிய வாடை வரும், கட்டையின் முகத்தில் பளபளப்பும் ஏறும். மலை ஏறும்போது போட்ட அதே கியரில் இறங்கினால் கட்டைக்குப் பாதி வேலை மிச்சம்.

கடைசியாக ஒரு தப்பான பேர்: 'பிரேக் ஆயில்'. அது எண்ணெயே அல்ல. பெரும்பாலான கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 என்ற தர வகைகள் எல்லாம் கிளைகால் என்ற வேதிப்பொருள் வகைத் திரவம். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்பதுதான் தர அளவு. மலை இறக்கத்தில் பெடல் திடீரென்று மெத்தென்று இறங்குவதற்கு, ஈரம் ஏறிய திரவம் சூட்டில் கொதித்து ஆவிக் குமிழி கட்டுவதும் ஒரு காரணம். பேரை நம்பி இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். 'தடைத் திரவம்' என்று எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை. இன்னொன்று, கட்டை தேயத் தேய டப்பாவில் திரவம் தானாகக் கொஞ்சம் இறங்கும். அதைப் பார்த்து மேலே ஊற்றி நிரப்பி வைத்தால், புதுக் கட்டை போட, கவ்விக்குள் கட்டையை அழுத்தும் பிஸ்டனைப் பின்னால் தள்ளும்போது வழிந்து பெயிண்ட்டை அரித்துவிடும். அளவு குறைந்திருந்தால் டப்பாவைத் திறப்பதற்கு முன் கட்டையைப் பாருங்கள். கட்டை நன்றாக இருந்தும் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, அது பட்டறை வேலை.