போகலாம், திரும்ப முடியாது: சார்ஜிங் நிலையத்தை எங்கே வைப்பது?

ஒரு வட்டாரம் முழுக்க மின்கார்களுக்கு சார்ஜிங் வசதி வேண்டும். பெட்ரோல் பங்க் இருக்கிற இடத்திலெல்லாம் ஒரு சார்ஜரை நட்டுவிட்டால் போதாதா? முதலில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. பெட்ரோல் போட ஐந்து நிமிடம் போதும். சார்ஜ் ஏற அரை மணியும் ஆகலாம், ஒரு ராத்திரியும் ஆகலாம். அதனால் இங்கே திட்டமிடுவது இடத்தை மட்டுமல்ல, வண்டி எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும்தான்.

ஊருக்குள் இது எளிது. நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் கார் சுமார் 6 யூனிட் மின்சாரம் செலவழிக்கும். 3.3 கிலோவாட் சார்ஜர் அதை இரண்டு மணி நேரத்தில் ஏற்றிவிடும். கார் எப்படியும் ராத்திரி முழுக்கச் சும்மா நிற்கிறது. எனவே வீடு, அலுவலகம், தெருவோரம் என்று வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் மெதுவான, மலிவான சார்ஜர்களே போதும். அங்கே விலை உயர்ந்த வேக சார்ஜரை வைப்பது வீண் என்பது என் கட்சி.

நெடுஞ்சாலைக்கு வந்தால்தான் கணக்கு சூடுபிடிக்கிறது. 300 கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு ஊர்கள். முழு சார்ஜில் கார் 220 கிலோமீட்டர் ஓடும். சேருமிடத்தில் சார்ஜர் கிடையாது. சரி, நட்டநடுவில், 150-ஆவது கிலோமீட்டரில் ஒரு நிலையம் வைப்போமா? போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் நடுவில் கிளம்பி ஊரைத் தொட்டுவிட்டு நடுவுக்கே திரும்ப 300 கிலோமீட்டர் ஆகிறதே, வண்டி வழியிலேயே நின்றுவிடும். அதையே 100, 200 என இரண்டு இடங்களில் வைத்தால், கடைசி நிலையத்திலிருந்து ஊருக்குப் போய்வர 200 கிலோமீட்டர்தான். பயணம் முழுசாகக் கைகூடுகிறது. மைக்கேல் கூபி, சியோ லிம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட கணித மாதிரி இப்படித்தான் பார்க்கிறது. பயணங்களை எண்ணு, போய்த் திரும்ப முடிந்த பயணத்தை மட்டும் கணக்கில் சேர். தனியாக நின்றால் ஒன்றுக்கும் உதவாத நிலையம், துணைக்கு இன்னொன்று வந்ததும் மதிப்புப் பெறுவது இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் தன் முக்கிய சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒரு வேக சார்ஜிங் நிலையம் என்று விதித்திருப்பதும் இதுபோன்ற இடைவெளிக் கணக்குதான்.

இடம் முடிவாகிவிட்டது. அப்புறம், ஓர் இடத்தில் எத்தனை சார்ஜர்? இதற்கு உதவுவது தொலைபேசிக் காலத்துச் சூத்திரம். எத்தனை தொலைபேசி இணைப்புகள் இருந்தால் அழைப்புகள் தேங்காது என்று கோபன்ஹேகனில் கணக்குப் போட்டவர் அக்னர் எர்லாங். 1917-இல் வெளியான அவருடைய சூத்திரங்கள் சார்ஜருக்கும் அப்படியே பொருந்துகின்றன.

நான்கு சார்ஜர்கள், ஒரு காருக்குச் சராசரி அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு எட்டு கார்களைச் சமாளிக்கலாம் என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் கார்கள் வரிசையாக நேரம் பார்த்து வருவதில்லை, இஷ்டத்துக்கு வருகின்றன. மணிக்கு ஆறு கார்கள் வந்தால் சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம். ஏழு வந்தால்? 44 நிமிடம்! கூடியது ஒரே ஒரு கார். இன்னொரு வேடிக்கை: நான்கு சார்ஜர் கொண்ட இரண்டு நிலையங்களை எட்டு சார்ஜர் கொண்ட ஒரே நிலையமாக்கி, மணிக்கு 12 கார்களும் அங்கேயே வரட்டும். காத்திருப்பு 15 நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு இறங்கிவிடும். வரைபடத்தில் புள்ளிகளைக் கூட்டிக் காட்டுவது பார்க்க அழகுதான். வரிசையில் நிற்பவருக்கு அதனால் லாபமில்லை.

80 சதவீதத்தைத் தாண்டியும் இடத்தை விடாதவர்தான் வரிசையின் முதல் எதிரி. பேட்டரி நிரம்ப நிரம்ப அதன் மின்னழுத்தம் உச்ச வரம்பை நெருங்கும். அதைத் தாண்டவிடாமல் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். அதனால் கடைசி 20 சதவீதம் ஆமை வேகம். சார்ஜ் முடிந்தும் நிற்கும் வண்டிக்குப் பல நிலையங்கள் தனிக் கட்டணம் போடுவதும் சார்ஜர் சீக்கிரம் காலியாகத்தான்.

மின்சாரத்துக்கு வருவோம். 150 கிலோவாட் சார்ஜர்கள் எட்டு என்றால் 1,200 கிலோவாட். தெருமுனை டிரான்ஸ்பார்மர் இதைத் தாங்காது. உயரழுத்த இணைப்பு வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கவும் நேரலாம். நல்லவேளை, எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் உச்ச வேகத்தில் இழுப்பதில்லை. 30 சதவீதத்தில் நிற்கும் கார் நிறைய வாங்கும்போது, 85 சதவீதத்தில் நிற்கும் கார் கொஞ்சமாகத்தான் வாங்கும். அதைப் பார்த்துப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருள் இருந்தால் குறைந்த இணைப்பிலேயே ஓட்டலாம். பக்கத்தில் ஒரு பெரிய பேட்டரியை வைத்து, கூட்டமில்லாத நேரத்தில் நிரப்பிக்கொள்வதும் உண்டு.

விவரம் தெரிந்தவர்கள் முதல் நாளே எட்டையும் வாங்குவதில்லை. எட்டுக்கும் சேர்த்துக் குழி வெட்டி, கேபிள் போகிற குழாயைப் புதைத்து, மேலே நான்கை மட்டும் நிறுத்துகிறார்கள். அந்த ஏழாவது கார் வர ஆரம்பிக்கும்போது தரையை மறுபடி பெயர்க்க வேண்டியதில்லை.