பூமி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், எத்தனை ஆண்டில்?

பருவநிலை மாற்றம் பற்றிப் பேசப் போகும் இடத்தில் எல்லாம் யாராவது ஒருவர் எழுந்து கேட்பார்: "பூமி பார்க்காத சூடா? அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாதா?" சரிசெய்துகொள்ளும், உண்மைதான். நாங்கள் ஆய்வகத்தில் அளக்கும் ஆஸ்மியம் என்ற அரிய உலோகமே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தச் சாட்சியை முழுக்க விசாரித்தால் கேட்டவருக்கு ஆறுதல் மிஞ்சாது.

கடல்நீரில் ஆஸ்மியம் இருப்பது லிட்டருக்கு ஒரு கிராமின் லட்சம் கோடியில் பத்துப் பங்கு அளவுதான். அதில் 187, 188 என்ற இரண்டு ஐசோடோப்புகளின், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் இரண்டு வகை ஆஸ்மிய அணுக்களின், விகிதத்தைப் பார்க்கிறோம். கண்டங்களின் பாறை மழையில் சிதைந்து ஆற்றோடு வந்து சேரும் ஆஸ்மியத்தில் இந்த விகிதம் சுமார் 1.4. பூமியின் ஆழத்திலிருந்து எரிமலை கொண்டுவருவதிலும் விண்கல்லிலும் சுமார் 0.13. இன்றைய கடலில் ஏறத்தாழ 1.06. விகிதம் ஏறினால் நிலப்பாறை வேகமாகச் சிதைகிறது என்றும், இறங்கினால் எரிமலையோ விண்கல்லோ என்றும் முதலில் சந்தேகப்படுவோம். ஸ்ட்ரான்ஷியம் என்ற இன்னொரு உலோகத்திலும் இப்படிப் பார்க்கலாம். ஆனால் அது கடலில் இருபது லட்சம் ஆண்டுக்கு மேல் தங்குவதால் குறுகிய காலத் திருப்பங்கள் அதில் மங்கிப்போகும். ஆஸ்மியம் சில பத்தாயிரம் ஆண்டுகளில் வெளியேறிவிடும்.

வெளியேறுவது பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லாத கடலடிச் சேற்றுக்குள். அந்தச் சேறு இறுகி உருவான கரிய ஷேல்தான் எங்கள் கைக்கு வருகிறது. உலோகம் படாமல் பொடித்து, அமிலத்தோடு தடித்த கண்ணாடிக் குழாயில் வைத்து, வாயை உருக்கி மூடி, 220 டிகிரியில் இரண்டு நாள் வைப்போம். திறக்கும்போதுதான் கவனம் தேவை: ஆஸ்மியம் டெட்ராக்சைடு எளிதில் ஆவியாகும், கண்ணைக் கெடுக்கும். அமிலத்தைத் தேர்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குரோமிக்-சல்பூரிக் கலவை, கடல்நீரிலிருந்து படிந்த ஆஸ்மியத்தை எடுத்துக்கொண்டு, நிலத்திலிருந்து வந்த மண்துகளில் இருப்பதைப் பெரும்பாலும் தொடாமல் விடும். பாறைக்குள் இருக்கும் ரீனியம் என்ற கதிரியக்க உலோகம் காலப்போக்கில் ஆஸ்மியம் 187 ஆக மாறும் என்பதால் அந்தப் பங்கையும் கழிக்க வேண்டும். கழிக்காத எண்ணுக்கு என்னைப் பொறுத்தவரை மதிப்பே இல்லை.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் 18 கோடியே 30 லட்சம் ஆண்டுக்கு முந்தைய ஷேல் இருக்கிறது. ஓர் ஆய்வுக்குழு 2004இல் அதை அளந்தது. பூமி சூடேறிய அந்தக் கட்டத்தில் விகிதம் சுமார் 0.35இலிருந்து 1 வரை ஏறியிருந்தது. பாறைச் சிதைவு 400 முதல் 800 சதவீதம் கூடியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அந்த அளவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு; ரீனியம் மிகுந்த பழைய ஷேல் அரித்தாலும் விகிதம் ஏறும், அப்போது ஷேலில் புதைந்திருந்த கார்பன் வெளியேறி, காற்றில் கார்பன் குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். திசையில் சந்தேகமில்லை. சூடு கூடினால் மழை கூடும், பாறை சிதையும், அந்த வேதிவினை காற்றின் கார்பன் டை ஆக்சைடைக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சுண்ணாம்பாகப் பூட்டும்.

எவ்வளவு காலத்தில்? 5 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன் பூமி சுமார் 5 டிகிரி சூடானது. அப்போதும் ஆஸ்மியம் ஏறியது. பழைய நிலைக்குத் திரும்ப ஒன்றரை லட்சம் ஆண்டுக்கு மேல் பிடித்தது.

இவ்வளவு மெதுவாக நடப்பதற்குக் காரணம் எளிது. பாறைச் சிதைவு நெடுங்காலமாக ஈடுகட்டி வந்தது எரிமலை விடும் கார்பனை. நாம் எரிபொருளை எரித்து ஆண்டுக்கு 3,500 கோடி டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விடுகிறோம். எரிமலைகள் விடுவது அதில் நூறில் இரண்டு பங்குகூட இல்லை.

எரிமலைக் குழம்பு இறுகி உருவான பசால்ட் பாறையைப் பொடித்து வயலில் தூவி இந்த வேலையை விரைவுபடுத்தலாம் என்று இப்போது முயல்கிறார்கள். முயலட்டும், வேதியியல் சரியானதுதான். ஒரு டன் பசால்ட் முழுக்கச் சிதைந்தாலும் அதிகபட்சம் 0.3 டன் கார்பன் டை ஆக்சைடைத்தான் பிடிக்கும். நம் ஓராண்டு உமிழ்வில் முப்பத்தைந்தில் ஒரு பங்கைப் பிடிக்கவே 300 கோடி டன்னுக்கு மேல் பாறையை வெட்டி, அரைத்து, லாரியில் ஏற்ற வேண்டும்.